முதல் எழுத்துக்குக் கூலி கொடுத்தவர்கள்

1823-ல் மதுரைக் கலெக்டர் ரூஸ் பீட்டர் சென்னைக்கு ஒரு கணக்கு எழுதி அனுப்பினார். ராஜதானியில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்னென்ன சாதி என்று கவர்னர் தாமஸ் மன்றோ அதற்கு முந்தின வருஷம் கேட்டிருந்தார். அதற்கான பதில் அது. மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்து, ஊர்க்காரர்கள் வாயால் ‘பீட்டர் பாண்டியன்’ என்று பெயர் வாங்கிய அதே துரைதான். அவர் கணக்குப்படி அன்றைய மதுரைச் சீமையில் 844 பள்ளிக்கூடங்கள், 13,781 பிள்ளைகள். ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினாறு பேர். ஏழை வீட்டார் மாதம் அரைப் பணமோ ஒரு பணமோ (பணம் என்பது அந்தக் காலத்து நாணயம்) வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். வசதி உள்ளவர்கள் இரண்டு மூன்று பணம் கொடுத்தார்கள். அந்தந்தத் தெரு தன் பிள்ளைகளுக்காகத் தானே வைத்துக்கொண்ட பள்ளிக்கூடங்கள் அவை.

அந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் பலரும் 844-ஐப் பிடித்துக்கொண்டு, ‘வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நாம் படித்திருந்தோம்’ என்று பெருமைப்படுவார்கள். பெருமைக்கு நியாயம் உண்டு. ராஜதானி முழுவதையும் கூட்டினால் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆனால் என் கண் போய் நிற்பது அதே தாளில் உள்ள இன்னொரு எண்ணில். மதுரைச் சீமையின் 13,781 பேரில் பெண் பிள்ளைகள் 105.

நான் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்துச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் நகரத்துக்கும் வந்தபோது வேலையில் சேர்ந்து, மதுரை வில்லாபுரத்தில் பால்வாடி டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றேன். நெசவாளர் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், எழுதுவது தமிழ். பதிவேட்டில் பெயர் எழுதுவதும், வருகையைக் கூட்டி மாதக் கணக்கு அனுப்புவதும் எனக்குப் பழக்கம். அதனால் கணக்கில் வராத பிள்ளை எங்கே இருக்கும் என்பதும் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நிற்கும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கும். தறிக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தை எப்படிக் கொடுத்தது, அதற்கு யார் கூலி கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பழம்பெருமை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

*

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ, வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, சத்திரத்திலோ பள்ளி நடக்கும். ஐந்து வயதில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவார்கள், பெரும்பாலும் விஜயதசமி அன்று. நெல்லையோ அரிசியையோ பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பார்கள். பிறகு மணல். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளை எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும். பிழையானால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று வரிசையாகப் போகும்.

வாய் முதலில், கை அடுத்து, கண் கடைசியில் என்ற இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருந்தது. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று இருக்கிற வேறுபாடும் அப்போது எழுத்தில் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். ஆகவே ஓலையைப் பார்த்ததும் வாசித்துவிட முடியாது. பாட்டு ஏற்கெனவே வாயில் இருந்தால்தான் ஓலை பிடிபடும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கத்துவதைக் கேட்டு மூளையில்லாத மனப்பாடம் என்று சொன்னவர்கள் இதை யோசிக்கவில்லை.

ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கொஞ்சம் முன்னேறிய பையன் சட்டாம்பிள்ளை. அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான், பாடம் ஒப்பிக்கக் கேட்பான். மாலையில் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர்களைக் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் காலையில் மறக்காமல் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் தன் வரலாற்றில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். என் பால்வாடியிலும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். ‘இன்றைக்கு உனக்குத் தாழம்பூ, உனக்கு மைனா’ என்று காதில் சொல்லி அனுப்புவேன். மறுநாள் பிள்ளை அதைச் சொல்ல ஓடிவரும். சொல் நிறைய உள்ள பிள்ளைக்கு எழுத்து சீக்கிரம் வரும். அந்தக் காலத்து வாத்தியார்களுக்கு இது தெரிந்திருந்தது.

கொடுமையும் இருந்தது. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரசுவதி பெயர், இரண்டாவது வந்தவன் கையில் ஒரு சுழி, மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு அடி என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவன் கதியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் வேறு. திண்ணைப் பள்ளியைக் கோயிலாக்கிக் கும்பிடுகிறவர்களை அந்தக் கயிற்றுக்கு அடியில் நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஆனாலும் அந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பல் ஏறிப் போனார்கள். 1789-ல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதியை ஏற்று நடத்தத் தொடங்கினார். வாத்தியார்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருநாள் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியில் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. 1939-ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து பயிற்சி நடத்தினார். அவர் முறையில் பிள்ளைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவார்கள். விரல் வழியாக எழுத்து மூளைக்குப் போகும் என்பது அங்கேயும் தெரிந்திருக்கிறது. இங்கே வைகை மணலுக்கு யாரும் காசு கேட்கவில்லை.

வாத்தியார் எப்படிச் சாப்பிட்டார்? மாதப் பணம் போக, நெல், காய்கறி, எண்ணெய் என்று வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். மகாநவமி சமயத்தில் பிள்ளைகள் புது உடுப்புப் போட்டுக்கொண்டு, கோலாட்டம் அடித்துப் பாடி வாத்தியாரோடு வீடு வீடாகப் போவார்கள். அந்த வரும்படி வாத்தியாருக்கு. தெருவுக்கும் அன்று ஒரு பரீட்சை நடந்துவிடும். யார் வீட்டுப் பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கூலி கொடுத்த தெரு, கொடுத்த கூலிக்கு வேலை நடந்ததா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டது.

*

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பழகிய வழியையே இங்கேயும் செய்தார்கள். ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு மாதச் சம்பளம் பேசி, பிள்ளைகளிடம் காசு வாங்காமல் பள்ளி நடத்தச் சொன்னார்கள். பாடத்தோடு பைபிளும் வந்தது. ஊரார் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை அனுப்பினார்கள். வில்லாபுரத்துக்கு மேற்கே இருக்கிற பசுமலையில் 1840-களில் வந்த மிஷன் பள்ளி, கிராமத்துக்கு வாத்தியார்களை உண்டாக்கி அனுப்பியது. பெண் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி நடத்தினார்கள். ஓ.சி.பி.எம். பள்ளி அந்த வழியில் வந்ததுதான். பீட்டர் எழுதிய 105 என்ற எண்ணை அசைத்தவர்களில் அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் கொடுக்க வேண்டும்.

வாத்தியாருக்குச் சம்பளம் தெருவுக்கு வெளியிலிருந்து வரத் தொடங்கியதும் வேறொன்றும் நடந்தது. ‘நம் பிள்ளைகளுக்கு நாமே பள்ளி வைத்தால் என்ன’ என்று ஒவ்வொரு சமூகமும் யோசித்தது. அதில் எங்கள் ஆட்களின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பட்டுநூல்காரர்கள் என்று மதுரை அழைக்கும் சௌராஷ்டிரர்கள் நெசவுக்காக வந்து, திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறியவர்கள். வீட்டில் ஒரு பாஷை, கடைத்தெருவில் ஒரு பாஷை. எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போனால், வாத்தியார் சொல்வது முதலில் புரியவே புரியாது. ‘மந்தம்’ என்று பெயர் வாங்கும். 1886-ல் சமூகமே சேர்ந்து மதுரையில் ஒரு பள்ளி தொடங்கியது. இன்று சௌராஷ்டிர மேல்நிலைப் பள்ளியாக இருப்பது அதுதான்.

அதே காலத்தில் தொ.மு. ராமராய் என்று ஒருவர் இருந்தார். வீட்டில் பேசுகிற பாஷையிலேயே பிள்ளைக்கு முதல் எழுத்து வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். சௌராஷ்டிரத்துக்கு உரிய எழுத்தைச் சீர்செய்து, அச்சில் ஏற்றி, பாலபாடங்கள் எழுதிப் போட்டார். சமூகத்துக்குள்ளேயே சண்டை வந்தது. ஒரு பக்கம் இந்த எழுத்து வேண்டும் என்றது. இன்னொரு பக்கம் தமிழ் எழுத்தே போதும், அதுதான் சோறு போடும் என்றது. நாகரி எழுத்தில் எழுதலாம் என்றவர்களும் உண்டு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நடைமுறையில் தமிழில் படித்தது. என் தாத்தாவுக்கு ராமராயின் எழுத்து வாசிக்க வரும். அப்பாவுக்கு வராது. எனக்குப் பார்த்தால் இன்ன எழுத்து என்று அடையாளம் தெரியும், அவ்வளவுதான். 2008-ல் அந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரிகிற எழுத்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர் தோற்றுப்போனார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய எழுத்து நிற்கவில்லையே தவிர, அவர் சொன்ன நியாயம் அப்படியே நிற்கிறது. தமிழ் தெரியாமல் பால்வாடிக்கு வந்து மூலையில் உட்காரும் பிள்ளையிடம் நான் முதல் மாதம் எங்கள் பாஷையில்தான் பேசுவேன். அதே பாஷையில் கதை சொல்லி, இடையிடையே தமிழ்ச் சொல்லைச் செருகுவேன். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும், உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தந்தப் பாஷை தெரிந்த அக்காவோ பாட்டியோ கொஞ்ச நாள் வந்து உட்கார ஏற்பாடு செய்தேன். மதுரைத் தெற்குப் பக்கத்தில் இந்த மூன்று பாஷைக்காரர்களையும் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவிலேயே இருப்பார்கள்.

அந்தச் சௌராஷ்டிரப் பள்ளியோடு சேர்ந்த இன்னொரு பெயர் எல்.கே. துளசிராம். மதுரை நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அந்தப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தவர் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தறியில் தார் சுற்றும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்க வேண்டுமானால், வீட்டில் அது சம்பாதிக்கிற அரை வயிற்றுக் கஞ்சிக்கு ஈடு கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு நெசவாளர் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும்.

மதுரைக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் விருதுநகர். அங்கே நாடார் சமூகம் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கியது. வியாபாரிகள் தங்கள் சரக்கின் மீது தாங்களே விதித்துக்கொண்ட மகமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயத்தில் சேர்ந்ததை வீடு வீடாகப் போய் வாங்கி, விற்று, பணத்தைப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். மகமை கொடுத்தது ஆம்பளைகள், கடையில். பிடி அரிசி எடுத்து வைத்தது பெண்கள், அடுப்படியில். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயர் எழுதத் தெரிந்திருக்காது. தாங்கள் ஏறாத படியில் பிள்ளை ஏற அவர்கள் தினமும் கூலி கட்டினார்கள்.

காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். அதற்கு முன் அவர் எழுத்துப் பழகியது ஒரு திண்ணைப் பள்ளியில். முதலமைச்சரான பிறகு 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போன பிடி அரிசி, பள்ளியில் சோறாகப் பிள்ளைக்குத் திரும்பி வந்த கதை அது. ஆரம்பத்தில் அந்த மதிய உணவுக்கும் ஊரார் பங்கு போட்டார்கள்.

*

இத்தனை தெருக்கள், இத்தனை சமூகங்கள் கூலி கொடுத்தும் விட்டுப்போனவர்கள் யார்?

முதலில் சேரிப் பிள்ளைகள். திண்ணை யாருடையதோ அவர் தெருவுக்குள் யார் நடக்கலாம் என்று வைத்திருந்த விதியே பள்ளிக்கும் விதி. மகமைப் பள்ளியும் எங்கள் சமூகப் பள்ளியும் முதலில் தத்தம் பிள்ளைகளுக்காக எழுந்தவை. 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அவரோடு அந்த வேலையில் நின்றவர் எங்கள் சமூகத்து என்.எம்.ஆர். சுப்பராமன். தெற்குவாசலிலிருந்து வில்லாபுரம் வர நாங்கள் ஏறி இறங்கும் பாலத்துக்கு அவர் பெயர்தான். கோயிலுக்குள் போக 1939 வரை காத்திருந்தவர்களின் பிள்ளைகள், அதற்கு முன் எத்தனை திண்ணைகளைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள்!

மதுரைக்கு மேற்கே வேறொரு கதை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர்கள் மீது கைரேகைச் சட்டம் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3-ல் அதை எதிர்த்தவர்கள் மீது பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு கையில் துப்பாக்கி வைத்திருந்த அதே அரசாங்கம் இன்னொரு கையால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைத் திறந்தது. கள்ளர் பொது நிதி என்று மக்களிடமிருந்தும் பணம் சேர்ந்தது. ரேகை வைக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன அப்பனின் பிள்ளை பேனா பிடித்தது. அந்தப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் நடக்கின்றன.

அடுத்து பெண் பிள்ளைகள். 105-லிருந்து எண் ஏறியது, மெதுவாக. நான் வேலைக்கு வந்த 1982-லும் பெண் பிள்ளைகளைத் தடுத்தது கொள்கை எதுவும் இல்லை, தண்ணீர்தான். வில்லாபுரத்தில் குடத்துக்கு அலைந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீருக்காகப் போராடிய எங்கள் வார்டு கவுன்சிலர் லீலாவதி, கைத்தறி நெசவாளர், 1997 ஏப்ரல் 23-ம் தேதி தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். குழாயில் தண்ணீர் வந்த தெருவில் பெண் பிள்ளைகளின் வருகை ஏறும். இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை, என் வருகைப் பதிவேடு போதும்.

*

பால்வாடிக்குப் பிள்ளை வந்தது சோற்றுக்காக. அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை. 1982 ஜூலை 1-ல் கிராமங்களிலும், செப்டம்பர் 15-ல் நகரங்களிலும் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில், உலக வங்கி உதவியோடு, பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுக்கும் திட்டம் வந்துவிட்டது. எடை ஏறாத பிள்ளைக்கு எழுத்து ஏறாது. அந்தத் தராசும் கரும்பலகைக்குச் சமமான பாடச் சாமான்தான்.

எங்களுக்கு அன்று கிடைத்தது ஒரு அறை, ஒரு கரும்பலகை, கொஞ்சம் சாக்கட்டி. தரையிலேயே பிள்ளைகளை எழுதவிட்டேன். ஒரு தட்டில் சலித்த மணல் வைத்திருந்தேன். வாசலில் புள்ளிக்கோலம் போட்டு, பிள்ளை விரலைப் புள்ளியைச் சுற்றி வரச் சொல்வேன். வளைத்து, சுழித்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் விரலுக்குத் தமிழ் எழுத்து கஷ்டமே இல்லை. ஆண் பிள்ளைகளும் கோலம் போட்டார்கள். ஒரு அப்பா வந்து சத்தம் போட்டார். அவர் பையன் அகரம் எழுதுவதைக் காட்டியதும் அடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு தமாஷும் நடந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை, எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போனது. ணா, றா, னாவின் சுருட்டல் போனது. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. நான் புது எழுத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவேன். வீட்டில் அம்மாவோ அப்பாவோ ‘டீச்சருக்கே எழுதத் தெரியலையா’ என்று துதிக்கை போட்டுத் திருத்தி அனுப்புவார்கள். பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும். கடைசியில் ஒரு சாயங்காலம் பெற்றோரை உட்காரவைத்து, பதின்மூன்று எழுத்தையும் பலகையில் எழுதிக் காட்டினேன். பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் மாணவர்களாக உட்கார்ந்ததைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அன்று வந்தவர்களில் சில அம்மாக்கள், தங்களுக்கும் எழுத்துத் தெரியாது என்று காதோடு சொன்னார்கள்.

அந்த அம்மாக்களுக்குத்தான் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எர்ணாகுளத்தில் தொடங்கி, புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிளோடு கற்றுக்கொண்டு, தமிழ்நாடு முழுவதும் பரவியது. தெருவிளக்கின் கீழே, கோயில் வாசலில், இரவு எட்டு மணிக்குச் சிலேட்டோடு பெண்கள் உட்கார்ந்தார்கள். பெரியவர்களுக்கான இயக்கம் என்று பேர். பலன் பிள்ளைகளுக்கு. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட அம்மா, பிள்ளையின் சிலேட்டைப் பார்க்கும் பார்வையே வேறு. அம்மாவும் பிள்ளையும் ஒரே வாரத்தில் ‘மீ’ எழுதப் பழகிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மதுரைக்கென்று ஒரு வாசிப்புப் பள்ளி உண்டு. அது சுவர். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்த நாள், சினிமாப் பட வெளியீடு என்று இந்த ஊரில் போஸ்டர் ஒட்டாத நிகழ்ச்சி கிடையாது. பெரிய எழுத்து, தடித்த எழுத்து, பிள்ளையின் கண் உயரத்தில். பஸ் வந்தால் நெற்றியில் பெரியார், அவனியாபுரம், மாட்டுத்தாவணி. பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், ‘இதில் உன் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கு, காட்டு’ என்பேன். காசில்லாத பாடப் புத்தகம், தினமும் புதுப் பக்கம். செத்தவர் போஸ்டரைப் படிக்க வைக்கிறாயே என்று கேட்டவர்களும் உண்டு. பிள்ளைக்கு எழுத்துதான் தெரியும், சாவு தெரியாது.

*

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலை நேரத்தில், வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும், அந்தந்தத் தெருப் பெண்ணே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. லட்சத்துக்கும் மேலானவர்கள் தன்னார்வலராக வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 844 திண்ணைகளில் ஒரு பெண் வாத்தியாராக உட்கார்ந்திருந்தால் ஊர் பிரளயம் என்று சொல்லியிருக்கும். 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தே மேலே போகவேண்டும் என்பது நோக்கம். அதே வருஷம் செப்டம்பர் 15-ல் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசியோடு வகுப்பில் தூங்குகிற பிள்ளையை எழுப்பிய எங்களுக்குத்தான் அந்தக் காலைப் பொங்கலின் அருமை தெரியும். 2023 ஜூலை 15-ல் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குழந்தைகள் பகுதி அற்புதமாக இருக்கிறது.

அரசாங்கம் கூலி கொடுக்கிறது. கொடுக்க வேண்டும், அது வந்த பிறகுதான் எல்லாப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. தெருவின் கைக்கு மட்டும் விட்டிருந்தால் 105 இன்னும் பல காலம் 105-ஆகவே கிடந்திருக்கும். இன்றைக்கு எனக்குள்ள கவலை வேறு. அரசு கொடுக்கத் தொடங்கியதும் தெரு தன் பிடி அரிசியை நிறுத்திவிட்டது. காசு இல்லாமல் நிறுத்தவில்லை. எங்கள் ஏரியாவில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்.கே.ஜி. கட்டணம் கட்டுகிற தகப்பனின் ஒரு வருஷச் செலவு, நாங்கள் பால்வாடிக்குப் பத்து வருஷம் சாக்கட்டி வாங்கினாலும் தீராது. தன் பிள்ளைக்குக் கட்டுகிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. விருதுநகர் அடுப்படியில் பிடி அரிசி எடுத்த அம்மாவுக்கு அது தெரியும்.

அந்தப் பழக்கத்தைச் சாதியை விட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் கட்சி. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். தெருவுக்கு ஒரு வாசல், சாயங்காலம் அரைமணி நேரம். ஒரு தட்டு மணல். தங்கள் பாஷையில் கதை சொல்லத் தெரிந்த இரண்டு பாட்டிகள். சட்டாம்பிள்ளையாக இருக்க நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பிரம்பு இல்லாமல். நூலகத்திலிருந்து வாரத்துக்கு நாலைந்து படப் புத்தகம். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது ஒரு பூவின் பெயர். நாங்கள் சில பேர் ஓய்வு பெற்ற பிறகு வில்லாபுரத்தில் இப்படி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கிறோம். செலவு என்று சொல்ல அதிகம் இல்லை.

ஒரு நோட்டு மட்டும் கட்டாயம் வைத்திருக்கிறோம். பால்வாடியில் நான் எழுதிய பதிவேடு வந்த பிள்ளைகளுடையது. இந்த நோட்டில் வராத பிள்ளைகளின் பெயர்தான் முதலில். பெயருக்கு எதிரே காரணம்: தண்ணீர், தம்பி, கட்டட வேலைக்கு ஊர் மாறிப்போன குடும்பம், காது கேட்காத பிள்ளை, ‘அவங்க வீட்டு வாசலுக்கு நாங்க வரமாட்டோம்’. கடைசிக் காரணத்தை எழுதும்போது யார் வீட்டு வாசல் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். அடுத்த வாரம் கதை நேரத்தை வேறு வாசலுக்கு மாற்றிவிடுகிறோம்.